கடலுக்கும் ஓர் ஓய்வு

பிலிப்பைன்ஸ் நாடு 7,641 தீவுகளால் ஆனது. அவற்றுள் ஆப்போ என்னும் தீவு, உலகப் படத்தில் ஒரு புள்ளியாகக்கூட இடம்பெறாத அளவுக்குச் சிறியது. அதன் பரப்பு 74 ஹெக்டேர். நம் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 180 ஏக்கர். நம்மூர்க் கண்மாய்களுள் இதனினும் அகன்றவை எத்தனையோ உண்டு. எரிமலைக் கற்களால் உருவான அத்தீவில் சுமார் ஆயிரம் பேர் வாழ்கின்றனர். பெரும்பாலோர் மீனவர், பெரும்பாலோர் கத்தோலிக்கர். குடிநீருக்கே அங்குத் தட்டுப்பாடு. நல்ல தண்ணீர் படகில் வந்து இறங்க வேண்டும். மின்விளக்கோ பல்லாண்டுக் காலம் மாலையில் சில மணி நேரம் மட்டுமே எரிந்தது. இத்தகைய ஓர் இடத்திற்கு ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் மக்கள் பெரும் பொருட்செலவில் வந்து செல்கின்றனர் என்றால் நமக்கு வியப்பாகவே இருக்கும். அவர்கள் காண வருவது தீவின் மண்ணையன்று. அதைச் சூழ்ந்துள்ள கடலின் அடியை.

நீக்ரோஸ் என்னும் பெருந்தீவின் தென்கிழக்கு முனைக்கு அப்பால், ஏழு கிலோமீட்டர் தொலைவில் ஆப்போ அமைந்துள்ளது. டூமகேட்டி நகரிலிருந்து தெற்கே சென்று, மலத்தபாய் என்னும் கடற்கரைச் சந்தையில் படகேற வேண்டும். புதன்கிழமை தோறும் அங்கே மாடும் பன்றியும் மீனும் காய்கறியுமாகச் சந்தை கூடும். இருபுறமும் மூங்கில் தாங்கிகள் கட்டிய படகில் அரைமணி அல்லது முக்கால் மணி நேரப் பயணம். (மின்டோரோ தீவின் அருகே ஆப்போ பவளத்திட்டு என்றொன்று உண்டு, அது வேறு, இது வேறு. பெயரொற்றுமையால் பயணிகளே மயங்குவதுண்டு.)

நீருக்கடியில் ஒரு மணி நேரம்

கடலுக்குள் மூழ்கும் கலை நமக்குப் புதிதன்று. தூத்துக்குடிக் கரையில் முத்துக் குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும் மூச்சை அடக்கி, காலில் கல்லைக் கட்டி, எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கினர். மேலே படகில் கயிற்றைப் பிடித்து நிற்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்று அங்கே சொல்வதுண்டு. தன் தமக்கையோ தங்கையோ கைம்பெண் ஆகிவிடக்கூடாதே என்ற அக்கறை அவனுக்கன்றி வேறு யாருக்கு இருக்கும்? அங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டில். அந்நாள் மனிதர்களுக்கு நீருக்கடியில் வாய்த்த நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடமே. சிப்பியைத் தடவி எடுக்கவே அது போதாது. சுற்றுமுற்றும் பார்த்து வியக்க நேரம் ஏது?

1943ஆம் ஆண்டு, பிரான்ஸ் நாட்டின் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ என்பவரும் எமில் கக்நான் என்ற பொறியாளரும் சேர்ந்து ஒரு கருவியை அமைத்தனர். முதுகில் சுமக்கும் உருளையில் காற்றை மிகுந்த அழுத்தத்தில் அடைத்து, மூழ்குபவர் மூச்சிழுக்கும் போது மட்டும், அந்த ஆழத்துக்கு ஏற்ற அளவில் அக்காற்று வாய்க்கு வருமாறு ஒரு திறப்பைப் பொருத்தினர். இன்று ஸ்கூபா என்று உலகெங்கும் வழங்கும் முறை இவ்வாறு பரவியது. ஒருமுறை உருளையை நிரப்பினால், அதிக ஆழம் செல்லாதவருக்கு ஒரு மணி நேரம் வரை தாங்கும்.

இதில் ஆபத்தும் உண்டு. நீரில் பத்து மீட்டர் இறங்கினால் உடல்மேல் அழுத்தம் இருமடங்காகிறது. இருபது மீட்டரில் மும்மடங்கு. அழுத்தம் ஏற ஏறக் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சுவழி வெளியேறிவிடும். அவசரப்பட்டு மேலெழுந்தால், கோலி சோடாவை உடைத்தவுடன் குமிழி பொங்குவதுபோல் இரத்தத்திலேயே குமிழிகள் தோன்றி, கைகால் முடங்கும், உயிரும் போகலாம். ஆதலின் பயிற்சி பெறாதவர்களை எந்த நல்ல வழிகாட்டியும் ஆழத்துக்கு அழைத்துச் செல்வதில்லை. முகக் கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து மேல்நீரில் மிதந்தபடியே பார்ப்பதற்கும் ஆப்போவில் நிறைய உண்டு என்பது ஒரு வசதி.

அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? முதலாவது, பவளம். கல்லாகத் தோன்றும் பவளப்பாறை, உண்மையில் கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் குடியிருக்கும் ஊர். ஒவ்வொரு பவளப் பூச்சியும் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பு வீடு கட்டுகிறது. அதன் உடலுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று குடியிருந்து, கதிரவன் ஒளியால் உணவு சமைத்துத் தனக்கு இடம் தந்தவனுக்கும் ஊட்டுகிறது. பவளத்திற்கு நிறம் தருவதும் பெரும்பாலும் அந்தப் பாசியே. தெளிந்த வெப்பக் கடல் நீரில் சத்து மிகவும் குறைவு. ஏறக்குறைய பாலைவனம் எனலாம். அந்தப் பாலைவனத்தில் இவ்வளவு செழிப்பு எப்படி வந்தது என்று கேட்டால், இந்த இருவரின் கூட்டுக் குடித்தனமே விடை. மான்கொம்பு போலவும் மேசை போலவும் முட்டைக்கோசு போலவும் மனித மூளை போலவும் பவளங்கள் அங்கே வளர்ந்து நிற்கின்றன. இச்சிறு தீவைச் சுற்றி 400க்கும் மேற்பட்ட பவள வகைகளும் 650க்கும் மேற்பட்ட மீன் வகைகளும் உள்ளனவாகக் கூறப்படுகிறது.

பவளத்தின் மேல் படரும் பாசியைக் கிளிமீன் சுரண்டித் தின்கிறது. கிளியின் அலகை ஒத்த வாய் அதற்கு. பாசியோடு சுண்ணாம்பையும் கடித்து விழுங்கி, அரைத்து, வெண்மணலாகக் கழிக்கிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணலை இவ்வாறு உண்டாக்கும். வெண்மணற் கரையில் உலாவும் பயணிகள் தாங்கள் எதன்மேல் நடக்கிறோம் என்று அறிந்தால் சற்று முகம் சுளிப்பார்களோ, என்னவோ!

கடற்சாமந்தி என்பது பூவைப் போன்ற தோற்றமுடைய விலங்கு. அதன் இழைகளில் நஞ்சு உண்டு. மற்ற மீன்கள் அதை நெருங்கா. கோமாளி மீன் மட்டும் அதனுள் புகுந்து வீடு கொண்டிருக்கும். அக்குடும்பத்தில் பெரியது பெண். அது இறந்தால் அதன் துணையாயிருந்த ஆணே பெண்ணாக மாறிவிடுகிறது. படைத்தவரின் ஏற்பாடுகள் பல நம் பாடப்புத்தகங்களுக்குள் அடங்குவதில்லை.

இன்னொரு காட்சி. விரல் நீளமே உள்ள ஒரு சிறு மீன், பாறையின் ஓரிடத்தில் கடை வைத்ததுபோல் நின்றுகொள்ளும். களவா போன்ற பெரிய மீன்கள் அதனிடம் வந்து, வாயையும் செவுளையும் திறந்து காட்டி அசையாமல் நிற்கும். சிறியது உள்ளே புகுந்து ஒட்டுண்ணிகளையும் அழுகிய தோலையும் தின்று தூய்மை செய்யும். ஒரே விழுங்கில் அதைத் தின்னக்கூடிய மீன்கள், தவக்காலத்துச் சனிக்கிழமை மாலையில் பாவசங்கீர்த்தனத்திற்கு நிற்பவர்களைப் போலத் தம் முறைக்காகக் காத்திருக்கின்றன. குருவானவர் என்ற முறையில் அந்தச் சிறு மீனிடம் எனக்குத் தனிப் பரிவு உண்டு.

முக்குளிப்போர் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். கரையிலுள்ள சிற்றாலயத்தின் பெயரால் ஓரிடம் 'சாப்பல்' எனப்படுகிறது. அங்கே பாறைச்சுவர் செங்குத்தாக இறங்கும். 'மம்சா முனை' என்பது அவர்கள் மொழியில் பாறை மீனின் பெயரால் வந்தது. அம்மீன்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, வெள்ளிச் சுழல்போல் வட்டமிடுவதை அத்தீவின் கடலில் காணலாம். 'தென்னை முனை'யில் நீரோட்டம் கடுமை. அனுபவம் மிக்கவர்களே அங்கு இறங்குவர். கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கடற்பாம்புகளும் இத்தீவில் உண்டு. நல்ல பாம்பினும் கொடிய நஞ்சுடையவை. ஆயினும் சீண்டாதவரை அவை கடிப்பதில்லை. ஊருக்கு எதிரே ஆழமற்ற நீரில் பேராமைகள் மேய்கின்றன. மனிதரைக் கண்டால் ஓடுவதில்லை. பசுமாடு தலையைத் தூக்கிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மீண்டும் மேய்ச்சலில் இறங்கிவிடுகின்றன.

பதினான்கு குடும்பங்கள்

இத்தனையும் எக்காலத்திலும் இவ்வாறே இருந்தது என்று எண்ண வேண்டாம். 1970களில் ஆப்போவின் கடல் வறண்டுகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிலிப்பைன்ஸ் கரைகளில் வெடிவைத்து மீன்பிடிக்கும் வழக்கம் பரவியது. ஒரு வெடியில் கூடை நிறைய மீன் மிதக்கும். அதே வெடியில் அம்மீன் குடியிருந்த பவளமும் சல்லியாகும். சயனைடு நஞ்சைப் பாறையிடுக்கில் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிப்போரும் இருந்தனர். 'முரோ ஆமி' என்றொரு முறையும் இருந்தது. கயிற்றில் கட்டிய கற்களால் பவளத்தை இடித்து இடித்து மீன்களை வெருட்டி வலைக்குள் ஓட்டுவார்கள். இதற்குச் சிறுவர்களையும் நீரில் இறக்கினர். அந்நாட்டு அரசு 1986ல் அதைத் தடைசெய்தது. கண்ணி சிறுத்த வலைகளும் சேர்ந்துகொள்ள, ஆப்போ மீனவர் தம் தீவைவிட்டுப் பத்துக் கிலோமீட்டர் வரை அப்பால் சென்று மீன்தேட வேண்டியதாயிற்று.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? வீட்டில் பிள்ளை பசித்திருக்கும்போது, 'அடுத்த ஆண்டுக்கு மீனை விட்டுவை' என்று ஒரு தகப்பனிடம் சொல்வது எளிதன்று. நான் விடாவிட்டாலும் அடுத்த படகுக்காரன் பிடிக்கத்தானே போகிறான் என்பது அவன் விடை. அந்த விடைக்கு மறுமொழி சொல்லக் கோவில் பிரசங்கம் மட்டும் போதாது என்பதைக் கடலோரப் பங்குகளில் பணியாற்றிய எந்தக் குருவும் அறிவார்.

டூமகேட்டி நகரில் சில்லிமன் பல்கலைக்கழகம் உள்ளது. 1901ல் அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் சபையார் நிறுவியது. அங்கு உயிரியல் பேராசிரியராக இருந்த ஆஞ்செல் அல்காலா (1929 - 2023) ஒரு கருத்தை முன்வைத்தார். கடலின் ஒரு பகுதியை அடியோடு மூடிவைத்தால், அங்குள்ள மீன் பெருகி, மற்றப் பகுதிக்கும் பரவும் என்பதே அது. 1974ல் செபு பெருந்தீவின் அருகேயுள்ள சுமிலோன் என்னும் தீவில், பவளத்திட்டின் காற்பங்கை மூடி இதைச் சோதித்தார்கள். மீன் பெருகியது கண்ணுக்கே தெரிந்தது.

பின்னர் அவரும் அவருடைய தோழர்களும் ஆப்போ மக்களிடம் வந்தனர். மக்கள் உடனே இசைந்துவிடவில்லை. இருக்கும் கடலே போதாதபோது அதிலும் ஒரு பகுதியைப் பூட்டுவதா என்று கேட்டனர். அவர்கள் கேட்டது நியாயந்தானே! பேராசிரியர் வாதாடுவதை விட்டுவிட்டு, மீனவர்களையே படகிலேற்றிச் சுமிலோனுக்கு அழைத்துச் சென்று காட்டினார். கடலை அறிந்தவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. அதன் பின்னும் பேச்சு நீண்டது, மூன்றாண்டு கழிந்தது. இறுதியில் 1982ஆம் ஆண்டு 14 குடும்பங்கள் முன்வந்தன. தீவின் தென்கிழக்கே, கரையோரம் 450 மீட்டர், கடலுக்குள் 500 மீட்டர் வரை, மீன்பிடிப்பதில்லை என்று உறுதி கொண்டன. அது அவர்களது மீன்பிடிப் பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. பவளம் நன்றாயிருந்த, ஆனால் மீன் அருகிவிட்ட பகுதி அது. காவலுக்குப் படகோ துப்பாக்கியோ வேண்டியிருக்கவில்லை. கரையில் ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

பத்தில் ஒன்று என்னும் கணக்கைக் கேட்டவுடன் நமக்குத் தசமபாகம் நினைவுக்கு வரும். அதைவிடப் பொருத்தமான இடம் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம். ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாமல், விதைக்காமல், அதற்கு ஓய்வளிக்க வேண்டும் என்று இஸ்ரயேல் மக்களுக்குச் சட்டம் இருந்தது. அந்த ஓய்வு மண்ணுக்குரிய உரிமை. மனிதன் இரங்கிக் கொடுக்கும் தானமன்று. இணைச் சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் இன்னொரு சிறிய விதி உண்டு. நம்மில் பலர் அதைக் கவனிப்பதில்லை. வழியில் பறவைக்கூட்டைக் கண்டால், குஞ்சுகளோடு தாயையும் சேர்த்துப் பிடிக்கலாகாது என்பது அவ்விதி. மீனவர்களுக்கு இதன் கணக்கு நன்றாக விளங்கும். அமெரிக்கக் கடலிலுள்ள ஒருவகைச் செந்நிறச் சங்கராவில், 61 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரே தாய்மீன், 42 சென்டிமீட்டர் நீளமுள்ள 212 தாய்மீன்கள் சேர்ந்து இடும் அளவு முட்டைகளை இடும் என்று கணித்திருக்கிறார்கள். பெரியதைப் பிடித்துவிட்டு, சிறியது நாளை பெருகும் என்று எதிர்பார்த்தால் வலைதான் காயும்.

ஆப்போவில் மூடிய பகுதியில் மீன் பெருகிற்று, பெருத்தும் வளர்ந்தது. வாலடியில் கத்தி போன்ற முள்ளுடைய ஒருவகை மீனை ஆய்வாளர்கள் 1983 முதல் 2001 வரை கணக்கெடுத்தனர். காப்பிடத்துக்குள் அதன் மொத்த எடை மும்மடங்காகியிருந்தது. எல்லைக்கு அப்பாலும் அம்மீன் பரவியது. 1985க்குள் தீவின் குடும்பங்கள் அனைத்தும் திட்டத்தில் சேர்ந்து, நகராட்சி மூலம் அதைச் சட்டமாக்கிக் கொண்டன. மற்றப் பகுதியிலும் தூண்டில், மீன்கூடு, கண்ணி அகன்ற வலை முதலியவற்றுக்கே இடமளித்தனர். வெடியும் நஞ்சும் விலக்கப்பட்டன. 1990களின் நடுவில், ஒருவர் ஒரு மணி நேரம் உழைத்துப் பிடிக்கும் மீன் முன்னைப்போல் மும்மடங்காயிற்று. தொலைவு போகும் பாடும் தீர்ந்தது.

எதிர்ச்சான்றும் உண்டு, அது சுமிலோனிலேயே கிடைத்தது. 1984ல் உள்ளூர் அரசியலால் அங்கே காவல் குலைந்து, மூடியிருந்த காற்பங்கில் வலைகளும் வெடியும் புகுந்தன. மீன்பிடிக்கும் பரப்பு அதிகமாயிற்று. ஆகவே மீனும் அதிகம் கிடைத்திருக்க வேண்டுமல்லவா? ஒன்றரை ஆண்டுக்குள் மொத்த மீன்பாடு பாதிக்கும் கீழே இறங்கியது. கடல் நூல்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சி இது. முதலில் வழிகாட்டிய தீவு தவறியது. அதைப் பார்த்துக் கற்ற தீவு நிலைத்தது. அல்காலாவுக்கு 1992ல் மக்சேசே விருது கிடைத்தது. அவ்வாண்டிலேயே அவர் நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சரானார். பிலிப்பைன்ஸில் இன்று இத்தகைய காப்பிடங்கள் ஆயிரத்திற்கும் மேல். எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன என்று சொல்வதற்கில்லை. பல காகிதத்தில் மட்டும் உள்ளன.

சீர்திருத்த சபையாரின் கல்விக்கூடமும் கத்தோலிக்க மீனவரும் சேர்ந்து செய்த வேலை இது என்பதை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றி நாம் நடத்தும் கூட்டங்கள் பல தேநீரோடு முடிகின்றன.

காசும் கடலும்

மீன் பெருகிய செய்தி பரவவே, ஸ்கூபா முக்குளிப்போர் வரத் தொடங்கினர். அவர்களிடம் கட்டணம் வசூலிக்கப்பட்டது. தங்கும் விடுதிகள் தோன்றின. பெண்கள் சமையல் செய்தும் துணிகள் விற்றும் பொருளீட்டினர். பிள்ளைகள் பலர் பெருந்தீவுக்குச் சென்று உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றனர். பிடித்து விற்றால் மீனுக்கு ஒரே ஒருமுறை விலை. பார்க்கக் காட்டினாலோ நாள்தோறும் விலை என்று அவர்கள் கண்டுகொண்டனர்.

ஆயினும் இதில் இடறலும் உண்டு. தூண்டில் போட்டுக் காத்திருக்கும் இடத்தில் குமிழி விட்டுக்கொண்டு அயலார் நீந்தி வந்தால் மீன் கலையாதா என்று மீனவர் முணுமுணுத்தனர். பழக்கமற்றவரின் துடுப்புக்கால் பட்டு, பல்லாண்டு வளர்ந்த பவளக்கிளை ஒரு நொடியில் ஒடியும். ஆதலின் ஆட்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. 1994ல் தேசிய அரசு தீவையும் கடலையும் காப்பகமாக அறிவித்து, நிர்வாகத்தை ஒரு வாரியத்திடம் ஒப்படைத்தது. அதற்குப்பின் கட்டணப் பணம் தலைநகர் சென்று திரும்ப வேண்டியிருந்தது. கேட்ட காலத்தில் வந்து சேர்வதில்லை என்ற மனக்குறை ஊரில் எழுந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், வருவாயில் நான்கில் மூன்று பங்கு அந்தந்தக் காப்பகத்திலேயே தங்கலாம் என்று திருத்தியது. காத்தவர்கள் ஒருபுறமும் கணக்கு எழுதுபவர்கள் மறுபுறமும் நின்றால் எந்த நல்ல முயற்சியும் தளரும். நம் பங்குப் பேரவைகளில் இருப்போர் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

எதிர்க்கரையில், செபுவின் ஓஸ்லோப் ஊரில் வேறொரு கதை நடக்கிறது. 2011 முதல் அங்கே மீனவர் திமிங்கலச் சுறாக்களுக்கு நாள்தோறும் காலையில் சின்னஞ்சிறு இறாலை இரையாக இட்டு, அவற்றைப் படகருகே வரவழைத்துப் பயணிகளுக்குக் காட்டுகின்றனர். பணம் கொட்டுகிறது. ஊர் சுற்றித் திரிய வேண்டிய அப்பெருவிலங்கு படகுக்குப் பின்னே பிச்சைக்கு நிற்கிறது. ஏழைகளுக்குப் பிழைப்பு ஆயிற்றே என்பார்கள். அதையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இவ்விரண்டில் எது என்று கேட்டால், தீனி போடாமலே ஆமை நிற்கும் ஆப்போவையே நான் தேர்வேன்.

நம் கடலோரத்தையும் இங்கே எண்ணாமல் இருக்க முடியவில்லை. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது காலத்தால் கடலுக்குத் தரும் ஓய்வு. ஆப்போவினர் தருவது இடத்தால். இடத்தால் தரும் ஓய்வும் நம்மிடம் உண்டு. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சூழ்ந்த பவளத்தை வண்டி வண்டியாக வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனதன் பலனை நாம் கண்டோம். இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. 1986ல் அப்பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. மூடியது சரியே. ஆனால் மூடுவதற்கு முன் அக்கரை மக்களோடு மூன்றாண்டு உட்கார்ந்து பேசியவர் யார்? தலைமுறை தலைமுறையாக அத்தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் திடீரெனக் குற்றவாளிகள் ஆயினர். அதே பெண்கள் பின்னர்த் தாமே கூடி, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று வரம்பு கட்டிக்கொண்டனர். ஆப்போவின் 14 குடும்பங்களைப் புகழும்போது இவர்களையும் சேர்த்தே புகழ வேண்டும்.

புயல்

2011 டிசம்பரில் ஒரு புயல்; மறு ஆண்டு டிசம்பரில் இன்னொன்று. இரண்டும் தென்கிழக்கிலிருந்து ஆப்போவைத் தாக்கின. முப்பதாண்டுக் காலம் தூண்டில் முள்ளும் படாமல் காத்த காப்பிடம் எந்தப் பக்கம் இருந்ததோ, அந்தப் பக்கமே அடி விழுந்தது. பவளக்காடு பெரும்பாலும் சல்லிக் குவியலாயிற்று. மேற்குப் பக்கம் தப்பியது.

நேர்மையாகக் காத்தவர்களுக்கு ஏன் இது என்ற கேள்வி எழத்தான் செய்யும். யோபுவின் நூலை வாசித்தவர்கள் அதற்கு அவசரமாக விடை சொல்ல மாட்டார்கள். ஆனால் இன்னொரு கேள்விக்கு விடை தேட நாம் கடமைப்பட்டவர்கள். கடல்நீர் சூடேறினால், பவளத்துக்குள் குடியிருக்கும் பாசி வெளியேறி, பவளம் எலும்பாய் வெளிறுகிறது. நெடுநாள் அந்நிலை நீடித்தால் மடிகிறது. 1998லும் 2010லும் 2016லும் உலகெங்கும் இது நிகழ்ந்தது. 2024ல் நான்காவது உலகளாவிய வெளிறல் அறிவிக்கப்பட்டது. கடலைச் சூடேற்றிய புகையில் ஆப்போவின் துடுப்புப் படகுகளுக்கு என்ன பங்கு? விமானத்தில் வந்து முக்குளித்துச் செல்பவர்களுக்கும், வண்டியும் குளிர்சாதனமும் வைத்திருக்கும் நமக்கும் பங்கு உண்டு. பிலிப்பைன்ஸ் ஆயர்கள் 1988லேயே, தம் அழகிய நாடு அழிவது குறித்து ஒரு மேய்ப்புப்பணி மடல் எழுதினர். கடலடி உலகைக் கல்லறையாக்கியது யார் என்று அதில் அவர்கள் எழுப்பிய கேள்வியை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலின் 41ஆம் எண்ணில் எடுத்தாண்டார். ஆயர்கள் அக்கேள்வியை எழுப்பியபோது, ஆப்போ மக்கள் தம் கடலை மூடி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

புயலுக்குப் பின், அழிந்த காப்பிடத்தில் இனிக் காக்க என்ன இருக்கிறது, மீன்பிடிக்கத் திறந்துவிடலாமே என்று சொல்வது எளிது. ஊரார் அவ்வாறு செய்யவில்லை. மீனவருக்கு முன்பே மூடியிருந்த பகுதி, இப்போது முக்குளிப்போருக்கும் மூடப்பட்டது. கட்டண வருவாயில் அது இழப்புதான். சல்லிக் கற்களின் மேல் பவளக் குஞ்சுகள் மீண்டும் ஒட்டத் தொடங்கின. கிளைவிடும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து சென்டிமீட்டர் வளரும். பாறைபோல் திரளும் வகையோ ஒரு சென்டிமீட்டர்தான். ஓர் ஆள் உயரப் பவளப்பாறை மறுபடி எழ நூற்றைம்பது ஆண்டு, இருநூறு ஆண்டு ஆகும். இன்று அந்தக் கரையில் காவல் இருக்கும் மனிதரின் பேரப்பிள்ளைகளும் அதைக் காணப்போவதில்லை.